குழாய்வழியும் ஒட்டின் நியமமும்

பெற்றோலிய எண்ணெயும் இயற்கை வாயுவும் இக்கால வாழ்க்கையை இயக்கும் எரிபொருள்கள் என்பதை யாவரும் அறிவர். அவற்றை நிலத்தின் ஆழத்திலிருந்து வெளிக்கொணரும் கிணறுகளைப் பற்றியும், அவற்றைத் தூய்மையாக்கும் ஆலைகளைப் பற்றியும் மாணவர் பாடநூல்களிற் படிக்கின்றனர். ஆயின் கிணற்றுக்கும் ஆலைக்கும், ஆலைக்கும் அடுப்புக்கும் இடையே அவை செல்லும் வழியைப் பற்றி எண்ணிப்பார்ப்போர் சிலரே. அவ்வழி பெரும்பாலும் மண்ணுக்குள் மறைந்து கிடக்கும் உருக்குக் குழாயாகும். மறைந்து கிடப்பதனாலேயே அது மறக்கப்படுகின்றது. எங்கேனும் அது வெடித்துத் தீப்பற்றிய பின்னரே அவ்வழியொன்று உண்டென்பதை ஊரார் அறிகின்றனர்.

குழாய் ஆலையிலே துண்டு துண்டாகவே செய்யப்படுகின்றது. ஒரு துண்டின் நீளம் பெரும்பாலும் 40 அடி அளவினதாகும். அவ்வாறாயின் ஒரு மைல் தூரத்துக்கு 132 துண்டுகள் வேண்டும். அவற்றை இணைக்க 132 ஒட்டுக்களும் வேண்டும். அலாஸ்காவைக் குறுக்கறுத்துச் செல்லும் 800 மைல் நீளமான எண்ணெய்க் குழாய்வழியை எடுத்துக்கொண்டால் இக்கணக்கின்படி ஒட்டுக்களின் தொகை 105,600 ஆகும். ஆயிரத்துக்கு ஒன்று மட்டுமே பழுதாயிற்று என்று வைத்துக்கொள்வோம். பள்ளிக்கூடப் பரீட்சையில் அது வியத்தகு பெறுபேறாகும். குழாய்வழியிலோ அது நூற்றைந்து இடங்களிலே எண்ணெய் பீறிடுவதற்குச் சமம். சங்கிலியின் வலிமை அதன் மிக நலிந்த கண்ணியின் வலிமையே என்பது போலக் குழாய்வழியின் வலிமையும் அதன் மிக நலிந்த ஒட்டின் வலிமையேயாம். ஆகவே ஒவ்வோர் ஒட்டும் செவ்விதாய் அமைந்தது என்பதற்கு உறுதி என்ன என்னும் வினா எழுகின்றது. அவ்வினாவுக்கு விடையாகத் தோன்றியவையே ஒட்டுவேலை நியமங்கள். அவை எவ்வாறு அமைந்தன, எவற்றைக் காக்கின்றன, எவ்விடத்தில் தோற்றுப்போகின்றன என்பவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குழாய்வழியின் தோற்றம்

எண்ணெயைக் குழாய்வழியே வெற்றிகரமாகக் கொண்டுசென்ற முதல் முயற்சிகளுள் பேர்பெற்றது 1865ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலே சாமுவேல் வான் சைக்கிள் என்பவர் அமைத்ததாகும். பிற்ஹோல் என்னும் எண்ணெய்க் களத்திலிருந்து புகையிரத நிலையம் வரை ஏறக்குறைய ஐந்து மைல் தூரத்துக்கு 2 அங்குலக் குழாய் இடப்பட்டது. அதன் துண்டுகள் திருகுமரையினால் இணைக்கப்பட்டிருந்தன. அதுகாறும் பீப்பாய்களை வண்டிகளில் ஏற்றிக் கூலி பெற்ற வண்டிக்காரர்கள் தம் பிழைப்புக் கெட்டதென்று சினந்து அக்குழாயைச் சேதப்படுத்தினர் என்பது வரலாறு.

திருகுமரை சிறு குழாய்க்கு ஏற்றது. குழாயின் விட்டமும் உள்ளிருக்கும் அமுக்கமும் பெருகப் பெருக மரையின் வழியே கசிவும் பெருகிற்று. இரு உலோகங்களை ஒன்றாகவே உருக்கிச் சேர்க்கும் முறை கிடைத்த பின்னரே நெடுந்தூரக் குழாய்வழிகள் இயல்வனவாயின. உருசியரான பெனார்தோசு 1881ஆம் ஆண்டளவிற் காபன் மின்வாயினால் மின்வில்லை எழுப்பி உலோகத்தை உருக்கினார். அவர் நாட்டவரான சிலாவியானொவ் 1888இல் உருகும் உலோகக் கோலையே மின்வாயாக்கினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் சுவீடன் நாட்டவரான ஒஸ்கார் செல்பேர்க் அக்கோலுக்குக் காப்புப் பூச்சு இடும் முறையைக் கண்டார். நம் ஊர்ப் பட்டறைகளிலே ‘வெல்டிங் கூறு’ என வழங்குவது அவருடைய கோலின் வழித்தோன்றலேயாம்.

இரண்டாம் உலகப் போரின்போது செர்மானிய நீர்மூழ்கிகள் அமெரிக்காவின் கிழக்குக் கரையோரத்தில் எண்ணெய்க் கப்பல்களை மூழ்கடித்தன. அதனால் ரெக்சாஸ் மாநிலத்திலிருந்து கிழக்குக் கரைக்கு 24 அங்குல விட்டமுடைய குழாய்வழியொன்று 1942, 1943ஆம் ஆண்டுகளிலே விரைந்து அமைக்கப்பட்டது. ‘பெரிய அங்குலம்’ என்னும் பொருள்படப் பெயரிடப்பட்ட அதன் நீளம் 1,254 மைல். உருக்கியொட்டப்பட்ட பெருங்குழாய் கண்டமொன்றின் பாதியைக் கடக்க வல்லது என்பதை அது உலகுக்கு உணர்த்திற்று.

ஒட்டின் இயல்பு

உருக்கியொட்டல் என்பதைப் பசையிட்டு ஒட்டுவது போன்றதென்று கருதுதல் தவறு. இரு குழாய் முனைகளும் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 30 பாகை சாய்வாகச் சீவப்பட்டு, இரண்டுக்கும் நடுவே 60 பாகைப் பள்ளம் அமையுமாறு எதிரெதிரே நிறுத்தப்படுகின்றன. அடியிலே அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு அளவான இடைவெளி விடப்படும். மின்வில்லின் வெப்பத்தினாற் கோலின் நுனியும் குழாயின் விளிம்புகளும் ஒருங்கே உருகி ஒரே குட்டையாகி உடனே உறைகின்றன. முதலில் இடப்படும் அடிவரியே தலையாயது. அதன்மேல் இரண்டாம் வரியும், பள்ளத்தை நிரப்பும் வரிகளும், ஈற்றில் மேல்மூடும் வரியும் இடப்படுகின்றன. ஆகவே ஓர் ஒட்டென்பது ஒரு சிறு வார்ப்படமே. பெரிய வார்ப்பாலையிற் பல மணிநேரம் கவனமாகச் செய்யப்படும் காரியம் இங்கே வெட்டவெளியில், காற்றிலும் புழுதியிலும், குழாயின் கீழே மல்லாந்து கிடக்கும் ஒருவர் கையினாற் சில நிமிடங்களிலே செய்யப்படுகின்றது.

இதன்கண் நேரக்கூடிய குற்றங்கள் பல. அடிவரி குழாயின் உட்பக்கம் வரை சென்று எட்டாதிருத்தல் ஊடுருவாமை எனப்படும். உருகிய உலோகம் பள்ளத்தின் சுவரோடு ஒன்றாகாது அதன்மேற் படிந்து நிற்றல் இணையாமை எனப்படும். பூச்சு உருகியதனால் உண்டாகும் கசடு உள்ளே சிறைப்படுதல், வாயுக்குமிழ்கள் வெளியேறாது நுண்துளைகளாக நின்றுவிடுதல், விளிம்பிலே உலோகம் அரிக்கப்பட்டுப் பள்ளமாதல் என்பன பிற. இவையனைத்தினும் கொடியது வெடிப்பு. துளை உருண்டையானது; அதன் ஓரத்திலே தகைப்பு ஓரளவே குவியும். வெடிப்போ கூர் நுனி உடையது. அந்நுனியிலே தகைப்பு மிகக் குவிவதால் அது வளருந் தன்மையுடையது.

வெடிப்புக்களுள்ளும் ஐதரசனால் நேர்வது வஞ்சகமானது. குழாய் வேலையிலே பெரிதும் பயன்படும் கோல்களின் பூச்சிற் செலுலோசு உண்டு. அது எரியும்போது எழும் வாயு மின்வில்லுக்கு வேகமும் ஊடுருவும் ஆற்றலும் தருகின்றது. ஆதலின் மேலிருந்து கீழ்நோக்கி விரைவாக ஒட்ட முடிகின்றது. ஆயின் அதே வாயுவில் உள்ள ஐதரசன் உருகிய உலோகத்திற் கரைந்து, ஒட்டினருகே விரைவாகக் குளிர்ந்து கடினமாகிய பகுதிக்குள்ளும் புகுந்துவிடுகின்றது. ஐதரசன், கடினமான உலோகம், இழுவிசை ஆகிய மூன்றும் ஓரிடத்திற் கூடினால் வெடிப்புப் பிறக்கும். அது உடனே பிறவாது சில மணிநேரம், ஏன், சில நாள்கள் கழிந்தும் பிறக்கலாம். காலையிற் பார்த்தபோது குற்றமற்றிருந்த ஒட்டு மறுநாள் வெடித்திருக்கக்கூடும். ஆகையாற்றான் ஒட்டுமுன் குழாயைச் சூடாக்குதல், அடிவரிக்குப் பின் தாமதியாது இரண்டாம் வரியை இடுதல், ஒட்டு மெல்லக் குளிருமாறு காத்தல் என்பன விதிகளாயின.

நியமத்தின் மூன்று வினாக்கள்

அமெரிக்கப் பெற்றோலியக் கழகம் 1919இல் நிறுவப்பட்டது. அது வாயுத் துறையினர், குழாய்வழி ஒப்பந்தகாரர், உருக்கியொட்டல் வல்லுநர் ஆகியோரின் அமைப்புக்களோடு கூடிக் குழாய்வழி ஒட்டுக்களுக்கென நியமமொன்றை வகுத்தது. 1104 என்னும் இலக்கம் பெற்ற அந்நியமத்தின் முதற் பதிப்பு 1953இல் வெளிவந்தது. 2021இல் அதன் 22ஆம் பதிப்பு வெளியாயிற்று. கனடா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா முதலிய நாடுகளுக்குத் தனித்தனி நியமங்களும், அனைத்துலக நியம அமைப்பின் நியமமும் உண்டெனினும், 1104 பல நாடுகளிலே கையாளப்படுவதாதலின் அதனையே இங்கு எடுத்துக்கொள்வோம்.

இந்நியமத்தின் உள்ளடக்கத்தை மூன்று வினாக்களாகச் சுருக்கலாம். கையாளும் முறை தகுதியானதா? ஒட்டுபவர் தகுதியானவரா? ஒட்டிய ஒட்டுத் தகுதியானதா? முறை, ஆள், பொருள் என்னும் இம்மூன்றையும் தனித்தனியே சோதித்தல் வேண்டும் என்பதே நியமத்தின் உயிர்க்கருத்தாகும். நல்ல முறையைத் திறமையற்றவர் கையாளலாம். திறமையுள்ளவருக்கும் பொருந்தாத முறை கொடுக்கப்படலாம். இரண்டும் நன்றாயிருந்தும் ஒருநாட் காற்றும் மழையும் வேலையைக் கெடுக்கலாம். ஆகவே ஒன்றன் சோதனை மற்றொன்றுக்கு ஈடாகாது.

முதலாவது, முறை. எவ்வகை உருக்கு, எவ்வளவு தடிப்பு, எவ்விட்டம், எந்தக் கோல், எவ்வளவு மின்னோட்டம், எத்திசையில் ஒட்டுவது, ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையே எவ்வளவு நேரம், முன்சூடு எவ்வளவு என்பனவெல்லாம் எழுத்தில் வரையப்படுகின்றன. பின்னர் அம்முறைப்படியே மாதிரி ஒட்டொன்று செய்யப்பட்டுத் துண்டு துண்டாக வெட்டி அழிக்கப்படுகின்றது. 12¾ அங்குலத்தின் மேற்பட்ட விட்டமும் அரை அங்குலத்துக்கு மேற்படாத தடிப்பும் உள்ள குழாயாயின் 16 துண்டுகள் வெட்டப்படும். நான்கு இழுத்து அறுக்கப்படும். நான்கு வெட்டுவடு இட்டு முறிக்கப்படும். நான்கு அடிப்பக்கம் வெளியாகவும், நான்கு மேற்பக்கம் வெளியாகவும் வளைக்கப்படும். முறித்த முகத்திலே தெரியும் வாயுத்துளை எதுவும் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கை விஞ்சலாகாது; துளைகளின் மொத்தப் பரப்பு முறிந்த முகத்தின் நூற்றுக்கு இரண்டு வீதத்தை விஞ்சலாகாது. இவ்வாறு தேறிய முறையில் இன்றியமையாக் கூறுகள் எனக் குறிக்கப்பட்டவற்றுள் ஒன்றை மாற்றினும் அது புதிய முறையாகும். மீண்டும் சோதிக்கப்படல் வேண்டும்.

இரண்டாவது, ஆள். ஒட்டுநரும் பரீட்சைக்குத் தோற்றல் வேண்டும். பலவகை வேலைக்கும் தகுதி நாடுபவருக்கு இரண்டு சோதனைகள் உள. ஒன்று, அசையாது நிறுத்திய குழாயைச் சுற்றி ஒட்டுவது. குழாய் சுழலாதாகையால் உச்சியிலும் பக்கத்திலும் தலைக்கு மேலும் அவர் கை வெவ்வேறு நிலைகளில் வேலை செய்தாக வேண்டும். மற்றையது, ஒரு குழாயிலிருந்து கிளைக் குழாய் பிரியுமாறு தாமே அளந்து, வெட்டி, பொருத்தி, ஒட்டுவது. எழுத்துப் பரீட்சையில் அரைப்பங்கு புள்ளி பெற்றாற் சித்தியெய்தலாம். இங்கே அவ்வாறில்லை. வளைத்த துண்டொன்றில் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கை அல்லது குழாய்த் தடிப்பின் பாதியை, இவற்றுள் எது சிறிதோ அதனை, விஞ்சிய வெடிப்புத் தோன்றினால் அத்துண்டு தவறியதாகும். தவறியவருக்கு மறுவாய்ப்பு எப்போது என்பதையும் நியமம் நியாயத்தோடு கூறுகின்றது. அவர் வசத்தில் இல்லாத காரணத்தாற் பிழை நேர்ந்ததாயின் இன்னொரு முறை தோற்றலாம். அதிலும் தவறினால் மேலும் பயிற்சி பெற்றமைக்குச் சான்று காட்டும்வரை தோற்ற முடியாது. சித்தியெய்தியவருடைய தகுதியும் என்றும் நிலைப்பதன்று. அமெரிக்க வாயுக் குழாய்வழிச் சட்டத்தின்படி முந்திய ஆறு மாதங்களுள் அம்முறையிலே ஒட்டாதிருந்தவர் மீண்டும் சோதனையின்றி வேலையிற் புகலாகாது. கைத்திறன் பயிலாது விட்டால் மங்கும் என்னும் உண்மை இவ்விதியில் ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளது.

மூன்றாவது, பொருள். களத்திலே ஒட்டிய ஒட்டை வெட்டிப் பார்த்தல் இயலாது. வெட்டினால் ஒட்டே இல்லை. ஆதலின் அழிக்காது சோதிக்கும் முறைகள் வேண்டியனவாயின. எக்ஸ் கதிர்க் குழாயையோ, இரிடியம் 192 போன்ற கதிர்த்தொழிற்பாட்டுப் பொருளையோ ஒருபுறமும், படலத்தை மறுபுறமும் வைத்துப் படம் பிடிக்கின்றனர். உலோகம் குறைந்த இடத்திற் கதிர் மிகுதியாக ஊடுருவுதலின் துளையும் கசடும் ஊடுருவாமையும் படத்திற் கருமையாகத் தோன்றும். ஆயின் கதிர்ப்படம் நிழற்படமே. கதிர் செல்லும் திசைக்குக் குறுக்காகக் கிடக்கும் மெல்லிய பிளவு அதிற் புலப்படாது போகலாம். அக்குறையை மீயொலிச் சோதனை பெருமளவில் நிரப்புகின்றது. ஒலியலை பிளவின் முகத்திற் பட்டுத் திரும்பி வருவதைக்கொண்டு அதன் இடத்தையும் ஆழத்தையும் மதிப்பிடுகின்றனர்.

படத்திற் குற்றம் தோன்றிய ஒட்டெல்லாம் விலக்கத்தக்கதன்று. ஊடுருவாமை ஓரிடத்தில் ஓர் அங்குல நீளத்தை விஞ்சினாலும், தொடர்ந்த 12 அங்குல நீளத்துள் மொத்தமாக ஓர் அங்குலத்தை விஞ்சினாலும் ஒட்டு விலக்கப்படும். ஒட்டே 12 அங்குலத்திற் குறைந்ததாயின் அதன் நீளத்தில் நூற்றுக்கு 8 வீதம் எல்லையாகும். 12 அங்குலத்தின் நூற்றுக்கு 8 வீதம் ஏறக்குறைய ஓர் அங்குலமே என்பதை மாணவர் கணித்தறியலாம். வெடிப்போ எவ்வளவு சிறிதாயினும் ஏற்கப்படாது. ஒரு வரி முடியும் குழியிலே நட்சத்திரம்போற் கிளைத்து, அங்குலத்தின் 32இல் 5 பங்கை விஞ்சாது மேலோட்டமாக நிற்கும் வெடிப்பு ஒன்றே இதற்கு விலக்காகும்.

எல்லா ஒட்டுக்களையும் படம் பிடித்தல் வேண்டுமா? அமெரிக்க வாயுக் குழாய்வழிச் சட்டம் சுற்றியுள்ள மக்கள் தொகைக்கேற்ப அளவை வகுக்கின்றது. மக்கள் அருகிய இடங்களில் ஒவ்வொரு நாள் வேலையிலும் குறைந்தது நூற்றுக்கு 10 ஒட்டுக்கள்; சற்று நெருங்கிய இடங்களில் 15; நகரங்களிலும், பேராறு, புகையிரதப் பாதை, நெடுஞ்சாலை ஆகியவற்றைக் கடக்குமிடங்களிலும் இயன்றவரை 100. ஒட்டின் தன்மை எங்கும் ஒன்றே; அது தவறினால் இறக்கும் உயிர்களின் தொகையே வேறுபடுகின்றது.

அலாஸ்கா தந்த படிப்பினை

ஓர் அங்குலம் ஏன் எல்லையாயிற்று, ஒன்றரை அங்குலம் ஏன் ஆகாது என்று கூர்ந்த மாணவன் வினவுவான். ஓர் அங்குலக் குறையுள்ள ஒட்டு நிற்கும், அதனின் மயிரளவு மிகுந்தது முறியும் என்று பௌதிகம் கூறவில்லை. அவ்வெண்கள் திறமையான ஒட்டுநர் கவனமாக வேலை செய்தால் எட்டக்கூடிய தரத்தைக் குறிப்பன. எல்லையைத் தாண்டிய ஒட்டு, முறியும் ஒட்டு என்பதைவிட, கவனம் தளர்ந்தமைக்குச் சான்றாகும் ஒட்டு என்பதே பொருந்தும். இந்த வேறுபாடு பெரும் வழக்காய் எழுந்த இடம் அலாஸ்கா.

அலாஸ்காவின் வடகரையிலுள்ள புரூடோ குடாவிலிருந்து தெற்கே வல்டீஸ் துறைமுகம் வரை 48 அங்குல விட்டமுடைய குழாய்வழியின் வேலை 1975இல் முழுமூச்சாகத் தொடங்கிற்று. கடுங்குளிரும் உறைநிலமும் நிலநடுக்க அச்சமும் உள்ள நாடாதலின், வழக்கமான விதியைவிடக் கடுமையாகச் சுற்றொட்டுக்கள் யாவும் கதிர்ப்படம் பிடிக்கப்படல் வேண்டுமென அரசாங்கம் நிபந்தனை விதித்தது. முதலாண்டிலே முப்பதினாயிரத்துக்கு மேற்பட்ட ஒட்டுக்கள் செய்யப்பட்டன. அவ்வாண்டின் பிற்பகுதியிற் படங்களிலே பொய்ம்மை கலந்துள்ளதென்னும் குற்றச்சாட்டு எழுந்தது. படங்கள் அனைத்தும் மீளப் பார்க்கப்பட்டபோது, ஓர் ஒட்டின் படம் வேறோர் ஒட்டின் படமாக வைக்கப்பட்டிருந்ததும், சில படங்கள் காணாமற் போயிருந்ததும், குறையுள்ள ஒட்டுக்கள் ஏற்கப்பட்டிருந்ததும் வெளிப்பட்டன. ஐயத்துக்கிடமானவை என 3,955 ஒட்டுக்கள் குறிக்கப்பட்டன. அவற்றுட் பல அதற்குள் மண்ணுக்குள் புதைக்கப்பட்டிருந்தன. சில ஆறுகளின் கீழே கிடந்தன.

1976இல் அவற்றைத் தோண்டியெடுத்து மீளப் படம் பிடிப்பதும் திருத்துவதும் பெருவேலையாயிற்று. எஞ்சிய சிலவற்றுக்கு விலக்களிக்குமாறு குழாய்வழிக் கம்பனி கேட்டது. நியமத்தின் எண்ணை அவை தாண்டினும் உண்மையில் முறியா என்பது அதன் வாதம். அதனை ஆராயும் பொறுப்பு அமெரிக்கத் தேசிய நியமப் பணியகத்தைச் சார்ந்தது. முறிவுப் பொறியியல் என்னும் புதிய துறையின் துணையோடு, இன்ன உருக்கில், இன்ன தகைப்பில், இன்ன குளிரில், எவ்வளவு பெரிய குறை ஆபத்தாகும் என்று அவ்வறிஞர் கணித்தனர். கணக்கு இயல்வதே என்பது தெரிந்தது. ஆயின் அக்கணக்குக்குக் குறையின் ஆழம் தெரிதல் வேண்டும். கதிர்ப்படமோ நீளத்தைக் காட்டுமளவுக்கு ஆழத்தைத் தெளிவாகக் காட்டுவதன்று. ஈற்றிற் கொயுக்குக் ஆற்றின் கீழே கிடந்த மூன்று ஒட்டுக்களுக்கு மட்டுமே விலக்கு அளிக்கப்பட்டது. 1977 யூன் மாதத்திற் குழாயில் எண்ணெய் பாயத் தொடங்கிற்று.

இவ்வழக்கு இரு விளைவுகளைக் காட்டுகின்றது. குறையின் அளவை உண்மையாக அளந்து, அது பொறுக்கத்தக்கதா என்று கணித்து முடிவுசெய்யும் மாற்று வழியும் நியமத்தில் இன்று இடம்பெற்றுள்ளது. அது பௌதிகத்தின் வெற்றி. மற்றையது கசப்பான உண்மை. நூற்றுக்கு நூறு ஒட்டுக்களையும் படம் பிடிக்குமாறு விதித்தமை மட்டும் உறுதியாகாது. படம் பிடிப்பவரும் படிப்பவரும் மெய் கூறினாலன்றி அவ்விதி வெறும் ஏடேயாம்.

சான் புரூனோவிற் புலப்பட்டது

2010 செத்தெம்பர் 9ஆம் திகதி மாலை 6.11 மணிக்குக் கலிபோர்ணியா மாநிலத்தின் சான் புரூனோ நகரிற் குடியிருப்பு வீதியொன்றின் கீழே சென்ற 30 அங்குல வாயுக் குழாய் வெடித்தது. ஏறக்குறைய 28 அடி நீளமும் 3,000 இறாத்தல் நிறையுமுள்ள குழாய்த் துண்டு பெயர்ந்து நூறடிக்கு அப்பால் வீழ்ந்தது. எட்டுப் பேர் இறந்தனர். 38 வீடுகள் அழிந்தன. வாயுவை நிறுத்த 95 நிமிடங்கள் சென்றன.

இங்கே தவறியது சுற்றொட்டன்று, நெடுக்கொட்டு. தகட்டை வளைத்துக் குழாயாக்கும்போது அதன் நீளப்போக்கில் இடப்படும் ஒட்டே நெடுக்கொட்டாகும். ஒரு சிறு கணக்கு இதனை விளக்கும். உள்ளமுக்கத்தினாற் குழாயின் சுற்றுப்போக்கில் எழும் தகைப்பு, அமுக்கத்தை விட்டத்தாற் பெருக்கித் தடிப்பின் இருமடங்கால் வகுத்துப் பெறப்படும். அன்று அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 386 இறாத்தல். தடிப்பு அங்குலத்தின் எட்டில் மூன்று. எனவே தகைப்புச் சதுர அங்குலத்துக்கு 15,440 இறாத்தலாகும். நீளப்போக்கில் எழும் தகைப்பு இதன் பாதியே. நெடுக்கொட்டைப் பிளக்க முயல்வது முழுத் தகைப்பு. சுற்றொட்டைப் பிரிக்க முயல்வது அதன் பாதி. சதுர அங்குலத்துக்கு 42,000 இறாத்தல் வரை நெகிழாது நிற்குமென்று பதிவேடுகளிற் கூறப்பட்ட உருக்குக்கு 15,440 பெரிய சுமையன்று. அவ்வாறிருந்தும் குழாய் பிளந்தது ஏன்?

தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை ஆராய்ந்து விடை கண்டது. 1956இல் அவ்விடத்திற் குழாய்வழி இடம் மாற்றப்பட்டபோது குறுந்துண்டுகள் சில இணைத்து இடப்பட்டிருந்தன. அவற்றுட் சிலவற்றின் நெடுக்கொட்டு வெளிப்பக்கத்தில் மட்டுமே இடப்பட்டிருந்தது. உட்பக்க ஒட்டு இல்லவேயில்லை. குழாயின் உள்ளே கண்ணாற் பார்த்தாலே தெரியக்கூடிய குறை அது. அத்துண்டுகள் அக்காலத்து எந்தக் குழாய் நியமத்துக்கும் இயைந்தனவல்ல. கம்பனியின் பதிவேட்டிலோ அப்பகுதி நெடுக்கொட்டே இல்லாத குழாயென எழுதப்பட்டிருந்தது. ஒட்டே இல்லையென்று ஏடு கூறினால் ஒட்டைச் சோதிப்பார் யார்? ஐம்பத்துநான்கு ஆண்டுகள் அக்குறை மெல்ல மெல்ல வளர்ந்தது.

1970ஆம் ஆண்டுக்கு முற்பட்ட குழாய்களை நீரமுக்கத்தாற் சோதித்தல் வேண்டும் என்னும் கட்டாயத்திலிருந்து சட்டம் விலக்களித்திருந்தது. புதியனவற்றுக்கே நியமம், பழையன நின்றபடி நிற்க என்பது அவ்விலக்கின் கருத்து. அச்சபை அதனை நீக்குமாறு பரிந்துரைத்தது. அக்குழாய்க்கு உரிமை பூண்ட பசிபிக் காஸ் அன்ட் இலெக்ரிக் கம்பனி 2016இற் குழாய்வழிப் பாதுகாப்புச் சட்டத்தை மீறியமைக்கும் விசாரணைக்கு இடையூறு செய்தமைக்கும் குற்றவாளியென யூரிகளாலே தீர்க்கப்பட்டது.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து நியமமென்பது யாது என்பது தெளிவாகும். அது விதிகளின் தொகுதி மட்டுமன்று. ஒருவரையொருவர் ஒருபோதும் காணாத மனிதர் தம்முட் செய்துகொள்ளும் உடன்படிக்கையாகும். குழாயின் கீழே மல்லாந்து கிடந்து அடிவரியை இடும் ஒட்டுநர், அக்குழாயின்மேற் பின்னொருநாள் வீடு கட்டி வாழப்போகும் குடும்பத்தை அறியார். அக்குடும்பமும் அவரை அறியாது. இருவரையும் இணைப்பன எழுதப்பட்ட முறை, தேறிய கை, சோதித்த படம், பேணிய பதிவேடு என்பனவே. முதல் இரண்டும் ஒட்டைச் செய்கின்றன. பின்னிரண்டும் அது செய்யப்பட்டவாற்றைப் பின்வந்தோருக்குச் சொல்கின்றன. அலாஸ்காவிற் படம் பொய்த்தது. பொய்யென்று காலத்தில் அறியப்பட்டதால் எண்ணெய் பாயுமுன்னரே திருத்தப்பட்டது. சான் புரூனோவிற் பதிவேடு பொய்த்தது. அதனை எவரும் அறியாதிருந்தமையால் எட்டு உயிர்கள் மாண்டன.

இன்று இயந்திரங்கள் குழாயைச் சுற்றி வந்து தாமே ஒட்டுகின்றன. மீயொலிக் கருவிகள் ஒட்டு முடிந்த சிறுபொழுதில் அதன் உள்ளமைப்பைத் திரையிற் காட்டுகின்றன. குழாயினுள்ளே செல்லும் கருவிகள் பழைய குறைகளைத் தேடிச் செல்கின்றன. இவை யாவும் பெருநன்மைகளே. ஆயினும் கருவி காட்டியதை உள்ளவாறு எழுதும் கை மனிதனுடையதே. நம் கல்லூரி மாணவர் ஆய்வுகூடத்திலே ஊசல் ஆடும் காலத்தை அளக்கும்போது, வரவேண்டிய விடையை அறிந்துகொண்டு அளவீட்டை அதற்கேற்பத் திருத்தி எழுதுதல் சிறு குற்றமாகத் தோன்றலாம். கண்டதைக் கண்டவாறு எழுதும் பழக்கம் அங்கேதான் தொடங்குகின்றது. பொறியியல் பயில விழைவோர் சூத்திரங்களுக்கு முன்னர் அப்பழக்கத்தைக் கைக்கொள்வாராக.